பலாமரத்துக்குப் போட்ட பிளாஸ்டர்

மரத்துக்குக் காயம் ஆறாது. பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் பாடம் எடுக்கிற நானே இப்படிச் சொல்வது நன்றாக இல்லைதான், ஆனால் அதுதான் உண்மை. நமக்குக் கையில் வெட்டுப்பட்டால் செத்த தோல் உதிர்ந்து அதே இடத்தில் புதுத்தோல் வந்துவிடுகிறது. மரத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அடிபட்ட கட்டை அடிபட்ட கட்டைதான். அதைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளேயே ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும், அழுகல் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று. பிறகு காயத்தின் ஓரத்திலிருந்து புதுக்கட்டை வளர்ந்து, நாலு பக்கமும் சுருண்டு வந்து மேலே மூடும். மூடிவிட்டால் பார்க்கிறவர்கள் ஆறிவிட்டது என்பார்கள். உள்ளே அந்தக் காயம் அப்படியே இருக்கும், மரம் சாகிற வரைக்கும்.

இதை என் வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காதில் போட்டுக்கொண்டால்தானே.

எங்கள் வீடு விருத்தாசலத்தில், தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. நான் மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். அவர் அந்தத் தொழிற்பேட்டையில் செராமிக் பொம்மை செய்கிற ஒரு யூனிட்டில் ஃபினிஷிங் வேலை பார்த்தார். அச்சிலிருந்து எடுத்த பொம்மை, சூளையில் வைப்பதற்கு முன் பச்சைமண்ணாக இருக்கும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்த தடமே தெரியாமல் செய்ய வேண்டும். எங்கேயாவது மயிரிழை விரிசல் கண்டால் அந்தப் பொம்மையை உடைத்துத் தொட்டியில் போட்டு மறுபடியும் களிமண்ணாக்கிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவசரத்தில் யார் அதைச் செய்கிறார்கள்? கொஞ்சம் களிமண் கூழைத் தொட்டு விரிசல்மேல் தடவி, கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சூளைக்குள் போனதும் சிலது பிளந்துகொள்ளும், சிலது தப்பித்துவிடும். அவர் கைபட்டதில் தப்பித்தவைதான் அதிகம். அதனால் அவருக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டிலும் அதே புத்திதான். சுவரில் வெடிப்பா, பக்கெட்டில் ஓட்டையா, கதவில் பிளவா, எதைக் கண்டாலும் பூசிவிடுவார். எங்களுக்குள் வருகிற சண்டையைக்கூட அப்படித்தான் பூசுவார். காலையில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனவர், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சூடாகப் போண்டா வாங்கிக்கொண்டு வந்து நீட்டுவார். நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருப்பேன், அவருக்கு எல்லாம் முடிந்துபோயிருக்கும். எனக்கு முடியாது. எதையும் பேசித் தீர்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

வீட்டுப் பின்பக்கம் ஒரு பலாமரம் இருந்தது. மனையை வாங்கும்போதே அது அங்கே நின்றது. மழைக்காலத்தில் அதன் அடியில் சேறு ஆகிவிடுகிறது என்று பேட்டையிலிருந்து சாக்குச் சாக்காக உடைந்த பீங்கான் துண்டுகளைக் கொண்டுவந்து பரப்பியிருந்தார். பேட்டைப் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் பழக்கம். வெயிலடித்தால் கண் கூசும். யானைத் துதிக்கை, விளக்கின் மூக்கு, ஏதோ ஒரு சாமியின் பாதிக் கிரீடம் எல்லாம் காலடியில் கிடக்கும்.

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அடித்த ஒரு காற்றில் பலாவின் பெரிய கிளை ஒன்று கிழிந்து விழுந்தது. வெட்டினாற்போல விழுந்திருந்தால் பரவாயில்லை. அது விழும்போது கீழ்மரத்தின் பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு போய்விட்டது. காலையில் போய்ப் பார்த்தால் மரத்தின் பக்கவாட்டில் என் கைநீளத்துக்கு மஞ்சளாகக் கட்டை தெரிகிறது. காயத்தின் ஓரம் முழுக்கப் பால் வடிந்து, அங்கங்கே பிசினாக உறைந்திருந்தது.  மரம் தன்னால் முடிந்ததை முதலில் செய்துவிட்டது. அந்தப் பால் வடிவது அழுகை இல்லை, அடைப்பு. பூச்சி நுழையாமல், கிருமி நுழையாமல், உடனே ஒரு தற்காலிக மூடி. அதற்கப்புறம்தான் மெதுவான வேலை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு உயிருள்ள அடுக்கு இருக்கிறது, கேம்பியம் என்று பாடத்தில் வரும். காயத்தின் விளிம்பில் அது உயிரோடிருந்தால் போதும். அங்கிருக்கிற செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு மறுபடியும் ஒன்று இரண்டாகப் பிரிய ஆரம்பிக்கும். உருவமில்லாத ஒரு திரளாகப் புடைத்துக்கொண்டு வரும். அதிலிருந்துதான் புதுக்கட்டையும் புதுப்பட்டையும்.

அவரிடம் சொன்னேன். தொங்குகிற நாரை மட்டும் சுத்தமாகச் செதுக்கிவிடுங்கள், காயத்தைத் திறந்தபடி விடுங்கள், காற்று பட்டுக் காய்ந்தால் மரம் பார்த்துக்கொள்ளும் என்று. சரி சரி என்று தலையாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கல்யாண வீடொன்றுக்குக் கருவேப்பிலங்குறிச்சி போய்விட்டுத் திரும்பி வந்தால், மனுஷன் யூனிட்டில் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மாவைக் குழைத்து மரத்தின் காயம் முழுக்க அப்பி வைத்திருக்கிறார். அப்பியதோடு நிற்கவில்லை. ஃபினிஷிங் கத்தியால் அதன்மேல் பட்டை மாதிரியே கீறல் போட்டு, காவியும் கரியும் கலந்து வண்ணமும் தீட்டியிருந்தார். நாலடி தள்ளி நின்றால் காயம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு வந்ததே கோபம். செத்த கட்டைமேல் மாவை அப்பினால் உள்ளே தண்ணீர் நிற்கும், மூச்சு முட்டும், அழுகும் என்று கத்தினேன். அவர் சளைக்கவில்லை. முன்பொரு தடவை முந்திரி நாற்றுப் பண்ணைக்கு நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவரும் கூட வந்திருந்தார். அங்கே ஒட்டுக் கட்டுகிறவர்கள் இளங்கன்றின் தலையை வெட்டி, பிளந்து, நல்ல மரத்துக் குச்சியைச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றியதைப் பார்த்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க வெட்டி வெட்டிக் கட்டுறாங்களே, அது மட்டும் எப்பிடி ஒட்டுது டீச்சரு?"

என்னை டீச்சரு என்று கூப்பிட்டால் கிண்டல் என்று அர்த்தம். நான் அவருடைய தொழிலிலிருந்தே பதில் சொன்னேன். அங்கே இரண்டு பக்கமும் பச்சை, உயிரோடு உயிர் முட்டுகிறது, இரண்டு காயமும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் பொம்மைக்குக் கை ஒட்டும்போது ஒன்று காய்ந்தும் ஒன்று ஈரமுமாக இருந்தால் ஒட்டுமா என்று கேட்டேன். ஒட்டாது என்று அவருக்குத் தெரியும்.  பிறகு, பார்க்க நல்லாத்தானே இருக்குது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்து, டாக்டரு கட்டு போட்ட மாதிரி இருக்குதே என்று புகழ்ந்துவிட்டுப் போனார். போதாதா!

மறு வருஷம் காயத்தின் விளிம்பு உதடு மாதிரி தடித்து, பிளாஸ்டரின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு மேலே ஏறியது. மரம் ஏத்துக்கிச்சு பாத்தியா என்று அவருக்கு ஒரே கொண்டாட்டம். நான் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தேன். பொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தது. கீழ்விளிம்பில் ஒரு பொட்டு இடத்தில் கறுப்பாகக் கசிந்திருந்தது. எறும்புகள் வரிசையாக அதற்குள் போய்க்கொண்டிருந்தன. நான் காட்டினேன். அவர் மறுநாள் அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டார்.

அவருக்குச் சுகர் வந்து ரொம்ப வருஷமாகிறது. மாத்திரை போடுவார், மறப்பார், டீயில் சர்க்கரை வேண்டாம் என்பார், போண்டாவை விடமாட்டார். யூனிட்டில் தரை எப்போதும் ஈரமாகக் களிமண் வழுக்கும், அதனால் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் வேலை செய்வார்கள். களிமண் ஈரத்தை உறிஞ்சும். அதில் நின்று நின்று அவர் குதிகால் இரண்டும் வறண்ட ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கும். அதற்கு எங்கள் பக்கம் ஒரு கைவைத்தியம் உண்டு. மெழுகுவத்தியை உருக்கித் தேங்காய் எண்ணெயில் கலந்து, இளஞ்சூட்டில் வெடிப்புக்குள் விட்டு நிரப்புவது. நான்கூடச் செய்திருக்கிறேன். சாதாரண வெடிப்புக்கு அது இதமாகத்தான் இருக்கும்.

ஆனால் அவர் வலதுகாலில் இருந்தது சாதாரண வெடிப்பு இல்லை. ஒரு பீங்கான் சில்லு வெடிப்புக்குள் ஏறி உள்ளே போயிருக்கிறது. சுகரில் பாதம் உணர்ச்சியற்றுப் போயிருந்ததால் அவருக்கு அது தெரியவே இல்லை. கசிவதைப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் என்ன செய்வார்? பூசினார். நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் மெழுகை உருக்கி ஊற்றி, கட்டைவிரலால் இழுத்து வழவழவென்று ஆக்கி, மேலே சாக்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாக்ஸ் எதற்கு என்றால், காலில் குளிர் ஏறுகிறது என்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. அப்படிக் கேட்கிறவர்கள் அந்த மனுஷனோடு ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். பொம்மையின் விரிசலை முதலாளி கண்ணுக்கே காட்டாதவர் என் கண்ணுக்கா காட்டுவார்?

கோடையில் ஒருநாள் நடுங்கிக்கொண்டு காய்ச்சல் வந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. போர்வையை இழுத்தபோது சாக்ஸிலிருந்து அழுகல் நாற்றம் வந்தது. கழற்றினேன். குதிகாலில் மெழுகு பளபளப்பாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அதைச் சுற்றிக் கணுக்கால் வரைக்கும் தோல் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. நான் நகத்தால் மெழுகின் ஓரத்தைப் பெயர்த்தேன். அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். அங்கே குதிகாலைத் திறந்து கழுவியபோது அந்தச் சில்லை எடுத்தார்கள். நர்ஸ் ஒரு கிண்ணத்தில் போட்டு அவரிடம் காட்டினார். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரு பக்கம் வழவழப்பு. அந்தக் காய்ச்சலிலும் அவர் அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாம்பிராணித் தட்டின் விளிம்பு என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். மூடாமல் இருந்திருந்தால் கசிந்து வெளியே வந்திருக்கும், வழியில்லாததால் உள்ளே ஏறியிருக்கிறது என்று எனக்குப் படம் போட்டு விளக்கினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. முதலில் குதிகாலில் கொஞ்சம், பிறகு பாதத்தில் கொஞ்சம் என்று எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இத்தோடு நின்றுவிடும் என்று நான் வேண்டிக்கொண்டேன். நிற்கவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்ப் பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்கு முந்தின சாயங்காலம் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். எப்போதும் கிண்டலாகக் கேட்கிறவர், அன்றைக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வெட்டிய இடத்திலிருந்து செடிகள் திரும்பத் துளிர்க்கிறதே, அது எப்படி என்று. வேரின் நுனியை நறுக்கினால் புது நுனி வளரும், கொழுந்தைக் கிள்ளினால் பக்கத்தில் கொழுந்து வரும், ஒரு செல்லிலிருந்துகூட முழுச் செடி வரலாம் என்றேன். செடியின் செல்லுக்கு ஆரம்பத்தில் என்னவாக இருந்தோம் என்கிற நினைப்பு போவதில்லை, தேவைப்பட்டால் திரும்பப் போய் முதலிலிருந்து தொடங்கும் என்றும் சொன்னேன். நம்முடையது அப்படி இல்லையா என்றார். இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அதுமட்டும் வருவதில்லை.

நாங்கள் புதுச்சேரியில் இருந்தபோதே இங்கே பலாமரம் விழுந்துவிட்டது. கோடை மழைக்கு முன்னால் ஒரு சுழற்காற்று வருமே, அதில். பெரிய காற்றுகூட இல்லையாம். சரியாகப் பிளாஸ்டர் போட்ட இடத்தில் முறிந்து, பாத்ரூம் கூரைமேல் சாய்ந்து கிடப்பதாகப் பக்கத்து வீட்டு அம்மா போன் செய்தார். நான் மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்த அன்று மரம் அறுக்கிறவரை வரவழைத்தேன். முறிந்த இடத்தில் அந்தப் பிளாஸ்டர் ஒரு கீறல் விழாமல், வண்ணம்கூட மங்காமல் அப்படியே பெயர்ந்து கிடந்தது. மரத்துக்கு உள்ளே ஈரமான கறுப்புத் தூள். கை வைத்தால் உதிர்ந்தது. அள்ளினால் எறும்பு.

கீழே நல்ல கட்டையை அறுத்தபோது ரம்பம் கிரீச்சென்று கத்தியது. உள்ளே ஒரு ஆணி. நாங்கள் குடிவந்த புதிதில் துணிக்கொடி கட்ட அவர் அடித்தது. அது எப்போது வெளியே தெரியாமல் போனது என்று நாங்கள் இரண்டு பேருமே கவனித்ததில்லை. ஆணியைச் சுற்றிக் கட்டை கருத்து, ஒரு கோடு போட்டதுபோலச் சுவர் எழும்பியிருந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே கட்டை மஞ்சளாக, வாசனையாக, நன்றாக இருந்தது. எத்தனையோ வருஷம் அந்த ஆணியை உள்ளே வைத்துக்கொண்டு மரம் காய்த்திருக்கிறது, நாங்கள் தின்றிருக்கிறோம். என் வீட்டுக்காரரால் ஒரு நெல்மணிச் சில்லை வைத்துக்கொண்டு ஒரு கோடையைத் தாண்ட முடியவில்லை. நான் அந்தத் தூளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அறுக்கிறவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மரம் விழுந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. கால் எடுத்த ஆளிடம் எப்படிச் சொல்வது? டிஸ்சார்ஜ் ஆகி வந்து, சக்கர நாற்காலியில் பின்கதவுப் பக்கம் போனவர், அங்கே வெறும் வெளிச்சமாக இருந்ததைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பிளாஸ்டர் போட்ட இடம்தானே என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். 

மழை பெய்ததும் அடிக்கட்டையின் ஓரத்தில் துளிர் வந்தது. வட்டமாக, பட்டையை முட்டிக்கொண்டு, பச்சைப் பசேலென்று. அவர் நாற்காலியிலிருந்து குனிந்து குனிந்து அதற்குத் தண்ணீர் விட்டார்.  அழுகல் வேருக்கு இறங்கியிருந்தது எனக்குத் தெரியும். தை மாதத்துக்குள் ஒவ்வொன்றாக வாடி, நுனி கருகி, காய்ந்துபோயின. அவர் காய்ந்ததையும் பிடுங்காமல் வைத்திருந்தார்.

இப்போது எங்களுக்கு மிச்சமிருப்பது அந்த இடதுகால். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஒரு கால் போனவருக்கு இன்னொரு கால் போக ரொம்ப நாளாகாது, அதுவும் போனால் ஆள் தாங்கமாட்டார், தினமும் பாதத்தைப் பாருங்கள், ஒரு கீறலைக்கூட விடாதீர்கள் என்று. அதனால் தினமும் சாயங்காலம் நான் அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்க்க ஆரம்பித்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. காலை இழுத்துக்கொள்வார். ஒன்றும் இல்லை போ என்பார். ஒருநாள் நான் வருவதற்கு முன்பே போர்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குவதுபோலப் படுத்திருந்தார். நான் போர்வையைப் பிடுங்கினேன்.

"என்னா, நான் என்ன திருடனா? வூட்டுக்குள்ளயே சோதனை போடுற?" என்றார்.

"திருடன்தாங்க. ஒரு காலத் திருடிட்டுப் போயிட்டீங்க. இதையாவது எனக்கு வைங்க" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. வீட்டில் இருந்த மெழுகுவத்தி எல்லாவற்றையும் நான் எடுத்துப்போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கரண்ட் போனால் இருட்டில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் தீட்டுவேன், மெழுகு வாசனை வருகிறதா என்று. இப்படி ஒரு மனைவி புருஷனை மோப்பம் பிடித்துக்கொண்டு வாழ்வது என்ன பிழைப்பு என்று பஸ்ஸில் வரும்போது பலநாள் எனக்குள் புலம்பியிருக்கிறேன்.

போன வாரம் பதினொன்றாம் வகுப்பில் வளர்திசு பாடம். கரும்பலகையில் தண்டின் குறுக்குவெட்டை வரைந்து, கேம்பியத்தை நீலச் சாக்பீஸில் வளையமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். காயம் பட்டால் இந்த வளையம்தான் முதலில் விழித்துக்கொள்ளும் என்று சொல்லும்போது கைப்பையில் போன் அதிர்ந்தது. வகுப்பில் நான் போன் எடுப்பதில்லை. நின்று மறுபடியும் அதிர்ந்தது. பார்த்தால் அவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பள்ளிக்கூட நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. 

கால்ல ஏதோ குத்தியிருக்குது, நீ வந்து பாத்தா தேவலாம் என்றார். அதோடு வைத்துவிட்டார். சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை, மங்கலம்பேட்டையில் ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். வழி முழுக்க வாய்க்குள்ளேயே அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். எத்தனை நாளாக மறைத்தீர்கள், எதை வைத்து மூடினீர்கள், பாவி மனுஷா, உள்ளே எதுவரைக்கும் போயிருக்கிறது என்று. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வீடு நெருங்க நெருங்க எனக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரி மருந்து வாசனை அடித்தது.

அவர் பின்பக்கம் இருந்தார். கக்கத்தில் ஊன்றுகட்டையோடு அந்த அடிமரத்துக்குத் தண்ணீர் விடப் போயிருக்கிறார். செருப்பு கழன்றது தெரியாமலே பீங்கான் துண்டுகள்மேல் மிதித்திருக்கிறார். அடிமரத்தின்மேல் உட்கார்ந்து, எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, காலைத் தூக்கி அதன்மேல் வைத்திருந்தார். பாதம் என் பக்கமாகத் திரும்பியிருந்தது. துணி சுற்றவில்லை. மஞ்சள் வைக்கவில்லை. குதிகாலில் வெள்ளையாக ஒரு சில்லு நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலிலிருந்து ரத்தம் சொட்டி, கீழே கிடந்த ஒரு உடைந்த விளக்குக்குள் கொஞ்சமாகத் தேங்கியிருந்தது.

"ரத்தத்தப் பாத்துதான் தெரிஞ்சுது. வலிக்கவே இல்ல டீச்சரு" என்றார்.  பிறகு, "மூடல. நீ பாக்கட்டும்னு அப்பிடியே வச்சிருக்கேன்" என்றார்.

 நான் பீங்கான்மேலேயே உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். சில்லைப் பிடுங்கினேன். சொம்பில் இருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். ஊற்ற ஊற்ற ரத்தம் திரும்பத் திரும்ப வந்தது, நல்ல சிவப்பாக, நாற்றமில்லாமல். டாக்டர் நாளைக்கு என்ன சொல்வாரோ, இந்தக் கால் எத்தனை நாள் தங்குமோ எனக்குத் தெரியாது. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். என் புடவை முழுக்க அந்த ரத்தம் பரவுவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?